குக்கரில் ஆர்க்கிட் விதை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் கோத்தகிரியில் இருக்கிறேன். வராந்தாவில் சில ஸ்லிப்பர் ஆர்க்கிட் (செருப்பு முனை போன்ற பை உள்ள பூ) தொட்டிகள் உண்டு. போன வருடம் ஒன்றில் காய் பிடித்தது. அது வெடித்ததும் விதையைத் தேங்காய் நாரில் தூவினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. இப்போது பச்சை மௌடியே (ஸ்லிப்பரில் ஒரு கலப்பு ரகம்) ஒன்றுக்குப் பக்கத்துத் தொட்டியின் மகரந்தத்தை வைத்ததில் மறுபடி காய் நிற்கிறது. லேப் இல்லாமல் வீட்டிலேயே முளைக்க வைக்க முடியுமா? அகத்தியர் மலையின் மஞ்சள் ஸ்லிப்பரோடு சேர்த்து ஒரு புது ரகம் உண்டாக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ரா.

அன்புள்ள ரா.,

முடியும். ஆனால் நாரில் தூவி முடியாது. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. முளைப்பதற்கான சாப்பாடு அதற்குள் கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை உள்ளே புகுந்து அதற்கு ஊட்டுகிறது. இதை 1899-இல் பிரான்சின் நோயல் பெர்னார் கண்டுபிடித்தார். பூஞ்சை இல்லாமல் சர்க்கரையைக் கொடுத்தே முளைக்க வைக்கலாம் என்று 1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் காட்டினார். பாட்டிலில் விதைப்பது அங்கிருந்து பரவியதுதான். சர்க்கரை இருந்தால் வேண்டாத பூசணமும் வரும். அதை வெளியே நிறுத்துவதுதான் வீட்டு விதைப்பில் முக்கால்வாசி வேலை.

அதற்கு உங்கள் சமையலறையே போதும். ஆர்க்கிட் மீடியா பவுடர் (நாற்றுக்கான சத்துக் கலவை), சர்க்கரை, உறைய வைக்க அகர். மளிகைக் கடை சைனா கிராஸும் அகர்தான், ஆனால் தரம் ஒன்றுபோல இருக்காது. பத்தில் ஒரு பங்கு இளநீர் சேர்க்கலாம். வெளிநாட்டு ஆய்வகங்களும் சேர்ப்பதுதான், நமக்கு அது மலிவு. பிஹெச் (புளிப்பு அளவு) 5.5-க்கும் 5.8-க்கும் நடுவில் இருக்கட்டும். பாட்டில்களில் ஊற்றி, பிரஷர் குக்கரில் முழு அழுத்தம் வந்த பிறகு கால் மணி நேரம். விதைப்பதற்கு, கை நுழைய இரண்டு ஓட்டை போட்டு ரப்பர் கையுறை ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டி. ஸ்பிரிட்டால் துடையுங்கள், உள்ளே நெருப்பு மட்டும் வேண்டாம்.

காயை வெடிக்க விடாதீர்கள். ஐந்தாறு மாதம் ஆனதும் பச்சையாகவே பறித்து, பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, பெட்டிக்குள் பிளந்தால் உள்ளே இருக்கும் விதை சுத்தமாகவே இருக்கும். வெடித்த பிறகு என்றால் அந்தத் தூசியையே கழுவ வேண்டும். தவிர, முற்றிய ஸ்லிப்பர் விதை முளைப்பதில் சண்டித்தனம் செய்யும். பாட்டில்களை இருட்டில் வையுங்கள். பூசணம் என்றால் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். முளைக்கு மாதக்கணக்கு ஆகும். முதலில் வருவது இலை இல்லை, குட்டிக் குட்டி உருண்டைகள்.

சரி, இதெல்லாம் கைப்பழக்கம். உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது 'பக்கத்துத் தொட்டியின் மகரந்தம்' என்பதுதான். இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தன என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததா? கடைகளில் குவியும் பெலனாப்சிஸ் ஆர்க்கிட்டை திசு வளர்ப்பில் ஒரே அச்சாகப் பெருக்குகிறார்கள். ஸ்லிப்பர் அதற்கு எளிதில் மசியாது. தூரைப் பிரிக்கலாம், இல்லாவிட்டால் விதைதான். விதை என்றால் ஒவ்வொரு நாற்றும் தனி ஆள். ஒரு காயில் ஆயிரக்கணக்கில் விதை. வராந்தாவில் இடம் ஐம்பதுக்கு இருக்குமா? மௌடியே பூக்கவே விதைத்ததிலிருந்து நாலைந்து வருடம் ஆகும்; மலேசியாவின் கினபாலு மலையில் வளரும் ரோத்சைல்டியானம் என்ற ஸ்லிப்பர் என்றால் பத்துக்கு மேலும் போகும். அத்தனை வருடம் தண்ணீர் ஊற்றப் போகிற நாற்றுக்கு அப்பா அம்மாவைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மௌடியே, கலோசம், லாரன்சியானம் என்ற இரண்டு ஸ்லிப்பர் இனங்கள் சேர்ந்த பழைய கலப்பு. உங்களுடையது போன்ற பச்சை-வெள்ளை, இரண்டிலும் சிவப்பு நிறமி இல்லாத செடிகளிலிருந்து வந்தது. அந்தக் குணம் ஒடுங்கும் குணம், அதாவது அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். சிவப்புப் பூவின் மகரந்தம் வைத்திருந்தால் பிள்ளைகள் பெரும்பாலும் சிவப்பாகவே வரும். பச்சையைப் பார்க்க இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும். அடுத்த முறை பச்சையோடு பச்சையைச் சேருங்கள். மகரந்தம் வைக்கும் செய்முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்: பூவின் பையை வெட்டி எடுத்துவிட்டால் கைக்கு இடம் கிடைக்கும். பூவின் நடுவில் இருக்கும் தகட்டின் இருபுறமும் பிசுபிசுவென்று மகரந்தம், பல்குச்சியில் ஒட்டிக்கொள்ளும். மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி தகட்டுக்குப் பின்னால் கீழே பார்த்து ஒளிந்திருக்கும். அங்கே அப்ப வேண்டும். எந்தச் செடி, எந்தத் தேதி என்று காம்பிலேயே சீட்டுக் கட்டிவிடுங்கள்.

அப்புறம் அகத்தியர் மலை. அந்த மஞ்சள் ஸ்லிப்பரின் பெயர் ட்ரூரியை. 1874-இல் தாவரவியலாளர் பெட்டோம் பெயரிட்டு விவரித்தது. இதழ்களில் ஓடும் அந்தக் கரும்பழுப்புக் கோட்டைப் பார்த்தவர்களுக்கு உங்கள் ஆசை புரியும். தென்னிந்தியாவுக்கு இருக்கும் ஒரே ஸ்லிப்பர் அது. சேகரிப்பவர்கள் பிடுங்கிப் பிடுங்கித்தான் அழிவின் விளிம்புக்கு வந்தது. யாராவது 'காட்டுச் செடி சார்' என்று கொண்டுவந்தால் கதவைச் சாத்துங்கள். 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இந்த ஸ்லிப்பர்களின் பேரினமே (பாபியோபெடிலம்) இருக்கிறது. அட்டவணைத் தாவரங்களைப் பயிரிடவும் உரிமம் கேட்கிறது சட்டம். ஆகவே பாட்டில் வாங்குவதற்கு முன்னால் வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள். இப்போதிருக்கும் தொட்டிகளுக்கு நர்சரி ரசீது இருந்தால் அதையும் கையில் கொண்டு போங்கள்.