முன்மண ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டால் போதுமா?

வணக்கம். கல்யாணத்துக்கு முன்பு கையெழுத்திட்ட சொத்து ஒப்பந்தம் இனி இருவருக்குமே வேண்டாம், கிழித்துப் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. வக்கீலிடம் ஒரு பிரதி இருக்கும். நாளை மனக்கசப்பு வந்தால் அதுதான் முதலில் வெளியே வரும்.

சிங்கப்பூரில் இதற்கு நீதிமன்றம் போகத் தேவையில்லை. இருவரும் சேர்ந்து ரத்துப் பத்திரம் எழுதினால் போதும். அதை 'டீட்' (deed, முறைப்படியான சட்டப் பத்திரம்) வடிவில், சாட்சி முன் கையெழுத்திடுவது நல்லது. சாதாரண ஒப்பந்தமென்றால் இரு பக்கமும் பிரதிபலன் (ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று தருவது) வேண்டும், டீடுக்கு வேண்டாம். பழைய ஒப்பந்தத்தின் தேதியையும் பிறகு செய்த திருத்தங்களையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். பலர் கோட்டைவிடுவது, அந்த ஒப்பந்தப்படி ஏற்கெனவே கைமாறிய பணம், நகை, பங்குகள் யாருக்கு என்ற வரியை. சண்டை அங்கேதான் தொடங்கும்.

ஆளுக்கொரு வக்கீல் வையுங்கள். செலவுதான், ஆனால் "வற்புறுத்தலில் கையெழுத்திட்டேன்" என்று பிறகு சொல்வது கடினம்.

ரத்தானபின் மணவிலக்கு வந்தால், மாதர் சாசனம் என்ற திருமணச் சட்டத்தின் 112ஆம் பிரிவுப்படி நீதிமன்றமே சொத்தைப் பிரிக்கும். உண்மையில் ஒப்பந்தம் இருந்தாலும் அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, கவனிக்கும் அம்சங்களில் ஒன்று, அவ்வளவே. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. (முஸ்லிம் திருமணமென்றால் ஷரியா நீதிமன்றம், அது வேறு கதை.)

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் உரிமைப் பெயர், உயில், மசேநிதி (மத்திய சேமநிதி) நியமனம் எதுவும் இந்தப் பத்திரத்தால் மாறாது. அவற்றைத் தனியாகப் பாருங்கள். ஒப்பந்தம் வெளிநாட்டுச் சட்டத்தின்கீழ் எழுதப்பட்டிருந்தால், ரத்து செய்யும் முறையை அந்நாட்டு வக்கீலிடம் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.