சைக்கிள் கேள்வி–பதில்: கோளாறு கட்டையிலா, வயரிலா?

கேள்வி: பின் பிரேக் லீவரை அழுத்துவதே பெரும்பாடாக இருக்கிறது. கையை எடுத்தாலும் லீவர் மெதுவாகத்தான் திரும்புகிறது. பிரேக் கட்டையைப் புதிதாக மாற்றியும் அப்படியே இருக்கிறது. என்ன செய்யலாம்?

கட்டை மேல் தப்பு இருக்காது என்றுதான் நினைக்கிறேன். சோதித்துப் பாருங்கள். பிரேக்கில் வயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி வயரை விடுவியுங்கள். பிரேக்கின் இரண்டு கைகளையும் விரலால் அழுத்தி விடுங்கள். ஸ்பிரிங் சட்டென்று விரிந்தால் அங்கே குறையில்லை. லீவரும் தனியாகத் தடையில்லாமல் ஆடுகிறதா? அப்படியென்றால் மிச்சமிருப்பது கேபிள்தான். அவுட்டரை, அதாவது வயரை மூடியிருக்கும் வெளி உறைக்குழாயை, ஒரு கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே ஓடும் வயரை முன்னும் பின்னும் இழுங்கள். துரு இருந்தால் நறநறவென்று விரலிலேயே தெரியும்.

பின் பிரேக்கில் இந்தத் தொல்லை அதிகம் வரக் காரணம் உண்டு. கேபிள் நீளம், வளைவும் அதிகம். வளைகிற ஒவ்வொரு இடத்திலும் வயர் அவுட்டரின் உட்சுவரை உரசுகிறது. தொங்கலாக வளைந்த இடத்தில் தண்ணீர் இறங்கித் தங்கிவிடும். துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் ஓடும். ஆனால் துருப்பிடித்த கேபிளுக்கு அது மருந்தில்லை, தூசியும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே சேறாகும். வயர், அவுட்டர் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய அவுட்டருக்குள் புது வயரைக் கோத்தால், அதே துரு புது வயரையும் அரித்துவிடும்.

கேள்வி: முன் பிரேக் வயர் போன வாரம் திடீரென்று அறுந்துவிட்டது. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியே இல்லையா?

இருக்கிறது. ஆனால் பார்க்க வேண்டிய இடம் மறைவானது. வயரின் நுனியில் லீவருக்குள் உட்காரும் ஈயக் குண்டு போன்ற நிப்பிள் இருக்கிறதே, அதை ஒட்டித்தான் வயர் பெரும்பாலும் அறும். லீவரை அழுத்தும்போதெல்லாம் அந்த இடம் வளைந்து நிமிர்கிறது. வயர் என்பது மெல்லிய இழைகளை முறுக்கியது. அவை ஒவ்வொன்றாக ஒடியும். கடைசியாக மிஞ்சிய சிலவற்றின் மேல் முழுப் பாரமும் விழும்போது மொத்தமும் போய்விடும், அதுவும் நீங்கள் அவசரமாகப் பிரேக் பிடிக்கிற நேரத்தில்.

லீவரை முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஓர் இழை பிசிறி நின்றால்கூட அன்றைக்கே வயரை மாற்றிவிடுங்கள். விரலால் தடவிப் பார்க்காதீர்கள், ஊசியாய்க் குத்தும். இன்னொன்று, நிப்பிள் தன் குழியில் லேசாகத் திரும்ப வேண்டும். இறுகிப் போனால் அது திரும்பாது, வயர்தான் வளையும். புது வயர் போடும்போது நிப்பிளில் ஒரு பொட்டு கிரீஸ் தடவுங்கள். பிரேக் பிடித்ததும் பாரம் முன்சக்கரத்துக்குப் போவதால், வண்டியை நிறுத்துவதில் முன் பிரேக்குக்குத்தான் பெரும்பங்கு. அந்த வயரில் அலட்சியமே கூடாது.

கேள்வி: கேபிளை நானே மாற்ற ஆசை. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? எப்படிப் போட வேண்டும்?

பழைய கேபிளைக் கையோடு கொண்டுபோங்கள். நேரான ஹேண்டில்பார் வண்டிகளில் பெரும்பாலும் உருளை நிப்பிள். வளைந்த ஹேண்டில்பார் ரேஸ் வண்டிகளில் பேரிக்காய் வடிவ நிப்பிள். பிரேக் வயர் 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். கியர் வயர் 1.1 அல்லது 1.2 தான், அதைப் பிரேக்குக்குப் போடக் கூடாது.

அதைவிட ஆபத்து, கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போடுவது. இந்த வகைக் கேபிளுக்கு எர்னஸ்ட் பவ்டன் என்பவர் 1896-ல் காப்புரிமை வாங்கிய அதே ஏற்பாடுதான் இன்றும்: உள் வயர் எவ்வளவு இழுக்கப்படுகிறதோ, அவ்வளவு விசையை அவுட்டர் எதிர்த்துத் தாங்க வேண்டும். பிரேக் அவுட்டருக்குள் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், அது தாங்கும். சாதாரண கியர் அவுட்டருக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பிளாஸ்டிக் உறைதான் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. பிரேக்கின் விசையில் அது பிளந்துகொள்ளும்.

அவுட்டரைப் பழையதன் நீளத்துக்கே வெட்டுங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் அது இறுகக் கூடாது. வெட்டிய முனையில்தான் பாதி வேலை இருக்கிறது. சுருளின் நுனி உள்பக்கமாக மடங்கி நிற்கும். அது வயரை அறுத்துக்கொண்டே இருக்கும். அரத்தால் முனையைச் சமமாக ராவி, நசுங்கிய உள்குழாயைக் கோணி ஊசியால் விரித்து, மூடி போடுங்கள். இதை அவசரத்தில் விட்டுவிட்டால் புது கேபிளும் இறுக்கமாகத்தான் இருக்கும்.

கேபிளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகான அட்ஜஸ்டரை முழுதாக உள்ளே திருகி, ஒன்றிரண்டு சுற்று வெளியே எடுங்கள். கட்டைகளை ரிம்மோடு சேர்த்துப் பிடித்து, வயரை இழுத்து, போல்ட்டின் பள்ளத்தில் சரியாக உட்காரவைத்து முடுக்குங்கள். லீவரைப் பலமாகப் பல தடவை அழுத்துங்கள். தளர்ந்தால் திரும்ப இழுத்துக் கட்டுங்கள். கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே 1 முதல் 2 மில்லிமீட்டர் இருக்கட்டும். அப்புறம்தான் மிச்ச வயரை வெட்டி, நுனிக்குத் தொப்பி போட வேண்டும். முதலிலேயே வெட்டினால் இழை பிரிந்துவிடும். ஏறி ஓட்டுவதற்கு முன், பக்கத்தில் நின்று பிரேக்கைப் பிடித்தபடி வண்டியைத் தள்ளிப் பாருங்கள்.

கேள்வி: வயர் மாற்றிச் சில நாளிலேயே லீவர் தொளதொளவென்று ஆகிவிட்டது. வயர் நீண்டுவிட்டதா?

வயர் அவ்வளவு நீளாது. அவுட்டரின் முனைகளும் மூடிகளும் தத்தம் இடத்தில் நன்றாகப் பதிந்திருக்கும், அதனால் வந்த தளர்வு. அட்ஜஸ்டரை வெளியே திருகுங்கள், சரியாகும். மறுபடி மறுபடி தளர்ந்தால் வயர் போல்ட்டில் நழுவுகிறது. போல்ட்டுக்குப் பக்கத்தில் வயரில் பேனாவால் ஒரு கோடு போட்டு, லீவரைப் பலமாக அழுத்திப் பாருங்கள். கோடு நகர்ந்தால் போல்ட்டை இன்னும் முடுக்க வேண்டும். அந்த இடத்தில் இழை நசுங்கி ஒடிந்திருந்தால் வயரையே மாற்ற வேண்டும்.