தண்ணீர் டிரம் வைத்தால் பசுமைக்குடில் இரவில் சூடாக இருக்குமா?

ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரி உறைபனியில் நாற்று கருகாமல் இருக்க, பசுமைக்குடிலுக்குள் தண்ணீர் டிரம் வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும். ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

200 லிட்டர் தண்ணீர் 10 டிகிரி குளிர்ந்தால் சுமார் 2.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை வெளியே விடும். 12 மணி நேர இரவுக்குப் பிரித்தால் 190 வாட், அதாவது இரண்டு பழைய குண்டு பல்பு அளவுதான். ஒரு டிரம் பத்தாது. அதே இடத்தை அடைக்கும் கருங்கல் இதில் ஏறக்குறைய பாதியைத்தான் தேக்கும், அதனால் என் ஓட்டு தண்ணீருக்கே.

டிரம்முக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து வடக்குச் சுவரோரம் வையுங்கள். மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வந்து அதன் மேல் விழும். சாயங்காலம் தொட்டுப் பாருங்கள்: மேல்பகுதி வெதுவெதுப்பாகவும் அடி சில்லென்றும் இருக்கும், சூடான தண்ணீர் மேலேறிவிடுவதால். நாற்றுத் தட்டை டிரம்மின் மேலேயே வைத்தால் அந்தச் சூடு வேருக்குப் போகும்.

இதையெல்லாம்விட முக்கியம், சாதா பாலித்தீன் ஷீட் வெப்பக் கதிரை அவ்வளவாகத் தடுக்காது. பொழுது சாயும்போதே டிரம்மையும் நாற்றையும் சேர்த்து ஒரு திரையால் மூடாவிட்டால், பகலெல்லாம் சேர்த்த சூடு விடியுமுன் வானத்துக்குப் போய்விடும். மேகமூட்டமான நாளில் டிரம் அதிகம் சூடேறாதுதான். ஆனால் அந்த மேகம் ராத்திரியும் கலையாமல் நின்றால் உறைபனி விழுவதும் அரிது.