தோட்டத்துப் பிள்ளைகளின் மனக்காயத்தை ஆற்ற ஓவியமும் மேளமும் உதவுமா? வளரும் கலைஞர்களை எப்படி ஆதரிப்பது?

உதவும். ஆனால் நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே கேள்விதான். கலைஞர் வாராவாரம் வந்தால்தான் பிள்ளை மெல்ல வாய் திறக்கும். அவருக்குக் கூலி கொடுத்தால்தான் வாராவாரம் வருவார்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடக்கும் சனிக்கிழமை வகுப்புக்குத் துணையாக இருக்கிறேன். உருமி கற்றுக்கொடுப்பவர் எங்கள் லயத்திலேயே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வளர்ந்த தம்பி. (உருமி என்றாலே குண்டர் கும்பல் என்று முகம் சுளிப்பவர்கள் ஒருநாள் வந்து பார்க்கலாம்.) அப்பாவை விபத்தில் பறிகொடுத்த பையன் ஒருவன் சேர்ந்தான். உருமியின் ஒரு முகத்தை அடிப்பார்கள். மறுமுகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்தால் விம்மும். இவன் அடிக்கவே இல்லை, தேய்த்துக்கொண்டே இருந்தான். தம்பி திருத்தவில்லை. "நீ தேய்டா, நான் தாளம் போடுறேன்" என்று தவிலோடு எதிரே உட்கார்ந்துவிட்டார். சில வாரம் கழித்து, "அண்ணே, கொஞ்சம் மெதுவா அடிங்க" என்றான். அவனாக வாய் திறந்தது அன்றுதான்.

இது புதுச் சரக்கு அல்ல. காசநோயில் படுத்திருந்தபோது வரைந்தே மனம் தேறிய அட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் 1942-இலேயே 'கலைச் சிகிச்சை' என்று பெயர் வைத்துவிட்டார். முறையான சிகிச்சைக்கு அதற்கென்று படித்தவர் வேண்டும். நாம் நடத்துவது வகுப்புதான். அடி, பாலியல் தொல்லை என்று பிள்ளை ஏதாவது சொன்னால் நீங்களே விசாரணையில் இறங்காமல் 15999, தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

ஓவிய வகுப்பில் போட்டி, பரிசு எதுவும் வேண்டாம். படங்களை முகநூலில் போடவே போடாதீர்கள். தோட்டத்தில் எந்தப் படம் எந்த வீடு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இனி காசு. "பிள்ளைங்களுக்குச் செய்யப்பா, புண்ணியம்" என்று நாசி லெமாக் பொட்டலத்தோடு அனுப்பிவைப்பது நம் ஊர் வழக்கம். அந்தத் தம்பி ஓவர்டைமை விட்டுவிட்டு வருகிறார்; பெட்ரோல் காசு கூலியாகாது. மாதச் சம்பளமாகப் பேசுங்கள். அவர் பாதியில் நின்றால், ஏற்கெனவே ஒருவரை இழந்த பிள்ளைக்கு இன்னொருவரும் போனதாகிவிடும். கலைஞர்களுக்கு மானியம் தரும் செண்டானா அமைப்பு 2017-லிருந்து இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாராவது கைகொடுக்கட்டும். அதுவரை கோயில் கமிட்டியிடம் கேளுங்கள், ஆனால் திருவிழாவுக்கு முந்தைய கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். பந்தலும் வாணவேடிக்கையும் முடிந்தபின் கேட்டால் கணக்குப் புத்தகம்தான் மிஞ்சியிருக்கும்.