நடைபாதை யாருக்கு?

வணக்கம். அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வியட்நாம் போகிறேன். ஹனோயில் மூன்று நாள், சைகோனில் இரண்டு நாள். எந்த மார்க்கெட்டுக்குப் போகலாம்? பேரம் எவ்வளவு பேசலாம்? சைவச் சாப்பாடு கிடைக்குமா? ரோட்டை எப்படிக் கடப்பது? வீடியோக்களில் பார்த்தால் நடைபாதை முழுக்க ஸ்டூலும் அடுப்பும் பைக்கும்தான். அம்மாவுக்கு முட்டிவலி வேறு. அந்த அரசாங்கம் இதையெல்லாம் அகற்றிவிட்டு சிங்கப்பூர் மாதிரி சுத்தமாக வைத்துக்கொண்டால் என்ன?
ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்பதைப் படித்ததுமே மனது நிறைந்தது. சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஹனோயில் டோங் சுவான், சைகோனில் பென் தான் என்று எல்லாரும் சொல்வார்கள். சைகோனின் சீனர் பகுதியான சோலோனில் இருக்கும் பின் தாய் மார்க்கெட்டையும் பாருங்கள். சைவத்துக்கு ‘சாய்’ என்று கேட்டால் போதும். ரோட்டை ஒரே சீராக, மெதுவாகக் கடங்கள். நடுவில் நிற்காதீர்கள், பின்னால் கால் வைக்காதீர்கள். பைக்குகள் உங்களைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பேரத்தை பென் தானில் தாராளமாகப் பேசுங்கள். ஆனால் காவடியில் பழம் சுமந்து வருகிற பெண்ணிடம் 20,000 டாங்குக்கு மல்லுக்கட்டாதீர்கள். நம் பணத்தில் அது 70 ரூபாய் போலத்தான் வரும். அவளிடம் ஜெயித்து என்ன செய்யப் போகிறீர்கள்?

இனி அந்தக் கடைசிக் கேள்வி. நானும் சில நாட்களாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் உங்களுக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்று.

ஹனோய் பழைய நகரத்து வீடுகளை நீங்கள் வெளியிலிருந்து மட்டும் பார்த்திருக்கிறீர்கள். முகப்பு மூன்று, நான்கு மீட்டர்தான். உள்ளே ஐம்பது, அறுபது மீட்டர்கூட நீளும். அப்படி ஒரு வீட்டுக்குள் பல குடும்பங்கள் இருக்கும். அவர்கள் எங்கே பாத்திரம் கழுவுவார்கள்? எங்கே உட்கார்ந்து பேசுவார்கள்? அந்த நடைபாதை அவர்களுக்குத் திண்ணை. ஹாங் தியெக் தெருவுக்குப் போனால் தகரத்தை நடைபாதையில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தெருவின் பேரே தகரத்தெருதான். விடியற்காலையில் நூடுல்ஸ் சூப் விற்ற இடம் பகலில் பைக் ஸ்டாண்டு ஆகும். சீட்டின் மேல் சாக்பீஸால் நம்பர் எழுதிவிட்டு உங்கள் கையில் ஒரு துண்டுச்சீட்டு கொடுப்பார்கள். சாயங்காலம் அதே இடத்தில் கரி அடுப்பு புகையும். மூன்று குடும்பம் பிழைக்கிற இடத்தைப் பார்த்து, அகற்றிவிட்டால் என்ன என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

சிங்கப்பூர், சிங்கப்பூர் என்கிறீர்கள். சரி, சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். அங்கேயும் தெருவில்தான் விற்றார்கள். 1971 முதல் 1986 வரை, பதினைந்து வருஷம் பொறுமையாக, அவர்களைக் கூரைக்குக் கீழே கொண்டுபோனார்கள். கடைக்கு இடம் கொடுத்தார்கள், தண்ணீர்க் குழாய் போட்டார்கள், கழிவுநீருக்கு வழி செய்தார்கள். நடைபாதை காலியானது அதற்குப் பிறகு. முதல் பாதியை மறந்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் கேட்பது நியாயமே இல்லை. அதே 1986இன் கடைசியில்தான் வியட்நாம் ‘தோய் மோய்’ என்ற சீர்திருத்தத்தை அறிவித்து, தனியார் வியாபாரத்துக்கு வழிவிட்டது. ரேஷன் வரிசையில் நின்று களைத்த ஜனங்கள் வீட்டு வாசலில் ஒரு அடுப்பை வைத்து எழுந்து நின்றார்கள். அந்த அடுப்பைத்தான் நீங்கள் அகற்றச் சொல்கிறீர்கள்.

முயன்றும் பார்த்தார்கள். ஹனோயில் 2008இல் 62 தெருக்களில் கூவி விற்பதைத் தடை செய்தார்கள். சைகோனின் முதல் மாவட்டத்தைக் குட்டிச் சிங்கப்பூர் ஆக்குகிறேன் என்று 2017இல் அதன் துணைத்தலைவர் கிளம்பினார். வாசற்படிகளைக்கூட உடைத்தார்கள். அடுத்த ஜனவரியில் அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். ஸ்டூல்கள் திரும்பி வந்தன. 2024இல் அதே சைகோனில் நடைபாதையின் ஒரு பகுதியைக் கட்டணத்துக்கு விட ஆரம்பித்தார்கள். எனக்கு இது சரியான திசையாகப் படுகிறது.

ஹனோயில் ஒரு மரத்தடியில் ஐஸ் டீ விற்கிற அம்மா ஒருவர் இருந்தார். அவருடைய கடை என்பது ஒரு ஐஸ் பெட்டி, கடலை மிட்டாய் போட்ட கண்ணாடி ஜாடி, ஏழெட்டு பிளாஸ்டிக் ஸ்டூல், அவ்வளவுதான். நான் பாதி டீயில் இருக்கும்போது தெருமுனையில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. போலீஸ் வண்டி. எதிர்வீட்டுப் பையன் ஓடிவந்து எங்களை எழுப்பினான், ஸ்டூல்களை ஒன்றுக்குள் ஒன்று சொருகி வீட்டுக்குள் தூக்கிப்போனான். ஜாடியை அந்த அம்மா இடுப்பில் இடுக்கிக்கொண்டார். நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி கையில் கிளாஸோடு நின்றோம். வண்டி போனது. ஸ்டூல்கள் வந்தன. எனக்குத் தொண்டையை அடைத்தது. இந்த வயதில் ஒரு பெண் தினமும் இப்படி எழுந்து ஓட வேண்டியிருக்கிறதே என்று. நகரத்தை அழகுபடுத்துகிறேன் என்று பேசுகிறவர்கள் எல்லாரும் ஒருநாள் அந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பார்க்க வேண்டும்.

அம்மாவின் முட்டிவலி நிஜமான கவலை, அதை நான் ஒதுக்கவில்லை. நடைபாதை அடைத்துக் கிடந்தால் ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டும். வயதானவர்களுக்கு அது சிரமம்தான். அதனால் காலை ஆறு மணிக்கு, பைக்குகள் பெருகுவதற்கு முன்னால் கூட்டிப் போங்கள். வார இறுதியாக அமைந்தால் இன்னும் நல்லது: வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவுவரை ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றி வண்டிகளை விடுவதில்லை. சைகோனில் பென் தானுக்குப் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் இருக்கிறது. செட்டியார்களும் புதுச்சேரிக்காரர்களும் வாழ்ந்த ஊர் அல்லவா! இன்று அங்கே கும்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்கள்தான். அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

அப்புறம், அந்தக் குட்டி ஸ்டூலில் அம்மாவால் உட்கார முடியாதே என்று பயந்து ஏசி ரெஸ்டாரண்டுக்குள் இழுத்துப் போய்விடாதீர்கள். முட்டியைத் தொட்டுக் காட்டுங்கள், போதும். இரண்டு மூன்று ஸ்டூலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உயரமாக்கித் தருவார்கள்.