காதிலேயே கிடக்கட்டும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வைரம் பார்க்கும் பெரியவர் காலமானதைப் பற்றி நீங்கள் எழுதிய அஞ்சலியைப் படித்தேன். முதல் நாள் மாலை கடையைப் பூட்டிவிட்டுப் பத்திரகாளி அம்மன் கோவில் பக்கமாக நடந்து போனவர், விடியும்போது இல்லை என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. ஆனால் என் மனத்தில் ஒரு முள் இருக்கிறது. 2007இல், போரால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து திருகோணமலை நகரத்தில் உறவினர் வீட்டில் இருந்தபோது, அம்மா தன் ஏழுகல் தோட்டை விற்க அவரிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். கடையில் நல்ல கூட்டம். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "விற்கவும் வேண்டாம், ஈடு வைக்கவும் வேண்டாம், அம்மா. காதிலேயே கிடக்கட்டும்" என்றார். விலைமதிப்பற்ற வைரம் என்றுதான் நான் எண்ணினேன். அம்மா அடுத்த வாரம் தனியாகப் போய்த் தோட்டின் சுரையை மாற்றிக்கொண்டு வந்தார். பெரியவர் காசு வாங்கவில்லை என்றார். அதன்பின் விற்கும் பேச்சே எழவில்லை. அம்மா போன பிறகு, சென்ற மாதம் கொழும்பில் சோதித்தோம். அது வைரம் இல்லையாம், சிர்க்கோன் என்ற வேறு கல்லாம். ஊரே அவரை நல்லவர் என்கிறது. தெரிந்த உண்மையை ஒரு நிபுணர் மறைக்கலாமா?

ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள பிள்ளைக்கு,

அவருக்குத் தெரியாமல் போயிருக்குமோ என்ற சந்தேகத்தை முதலில் விட்டுவிடுங்கள். சிர்க்கோனுக்குள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணருகே வைத்து, கல்லைச் சற்றுச் சாய்த்து மேல்முகத்தினூடாகப் பார்த்தால், அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடுகளாகத் தெரியும். வைரத்தில் அவை ஒற்றைக் கோடுகள்தான். பட்டைகளின் ஓரமும் காட்டிக்கொடுக்கும். கற்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் வைரத்துக்கு 10, சிர்க்கோனுக்கு ஏறத்தாழ 7.5. பல வருடங்கள் காதில் கிடந்த சிர்க்கோனின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். நாற்பது வருடம் கல் பார்த்தவருக்கு இதற்கு ஒரு நிமிடம் போதும். அவர் வெகுநேரம் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லைப் பார்க்க அவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்காது. உங்கள் அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்திருப்பார்.

இதைப் பற்றி அவரோடு நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். உங்கள் அம்மாவைப் பற்றி அல்ல. ஒருவருடைய நகையைப் பற்றி இன்னொருவரிடம் அவர் வாய் திறந்ததே இல்லை. பொதுவாகவே வாதாடினேன். "உண்மையைக் கேட்டு வந்தவரிடம் உண்மையைச் சொல்வதுதானே உங்கள் தொழில்?" என்பேன். "சொல்வேன், நாலு பேர் முன்னால் சொல்லமாட்டேன்" என்பார். இரண்டு மூன்று பேர் கடையில் நின்றாலே, தீங்கைத் தடுக்கும் அளவுக்கு ஒரு வார்த்தை சொல்வார். மிச்சத்தைக் கேட்கத் தனியாக வரச்சொல்வார். நகை விற்க வருகிறவர் ஏற்கெனவே பாதி உடைந்துதான் வருகிறார் என்பது அவர் அனுபவம்.

அந்த ஒரு வார்த்தையை இப்போது திரும்பப் பாருங்கள். விற்றிருந்தால், வாங்கியவர் பிறகு சோதித்துவிட்டு உங்கள் அம்மாவை ஏமாற்றுக்காரி என்று சொல்லியிருப்பார். ஈடு வைத்திருந்தால், கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் பணம் தந்திருப்பார்கள். ஏழுகல் தோட்டில் தங்கம் எவ்வளவு இருந்துவிடும்? இரண்டு வாசலையும் அவர் அடைத்துவிட்டார். ஆனால் அது வைரம் என்று சொல்லவில்லை. நீங்கள் அப்படி எண்ணிக்கொண்டீர்கள்.

அத்தோடு அவர் விட்டிருந்தால், நான் உங்கள் பக்கம்தான் நின்றிருப்பேன். இன்னொருவர் தாங்கமாட்டார் என்று நாமே முடிவுசெய்து உண்மையை ஒளிப்பது அவரைச் சிறுபிள்ளையாக்குவது. அதைக் கருணை என்று என்னால் ஏற்க முடியாது. ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அம்மா அடுத்த வாரம் தனியாகப் போனார். சுரை மாற்றத்தானா போனார்? அதன்பின், கையில் காசில்லாத அந்த நாட்களிலும், ஏன் விற்கும் பேச்சே எழவில்லை? உறுதியாக என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவர் பழக்கத்தை அறிந்தவன் என்ற வகையில், உங்கள் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். உங்களுக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டவர் அம்மாவாக இருக்கலாம்.

பணம் கைமாறும் இடத்தில் அவர் எவ்வளவு கறாரானவர் என்பதையும் சொல்லவேண்டும். வைரம்போலத் தெரியும் மொய்சனைட் என்ற வேறு கல் பதித்த மோதிரத்தை வைரம் என்று எழுதித் தரும்படி ஒரு வியாபாரி வந்தார். வெப்பத்தைக் கடத்தும் தன்மையை அளக்கும் பேனா போன்ற கருவி மொய்சனைட்டையும் வைரம் என்றே காட்டிவிடும். அந்தத் துணிவில் வந்தவர். பெரியவர் லென்ஸில் இரட்டை விளிம்பைக் காட்டி அனுப்பிவிட்டார். ஆய்வகத்தில் வளர்த்த வைரங்கள் வரத்தொடங்கியபோது, "இதுவும் அதே கரி, அதே வைரம். மண்ணில் விளைந்ததா இயந்திரத்தில் விளைந்ததா என்று என் கண்ணால் சொல்ல முடியாது. கொழும்பில் இரத்தினக்கல் அதிகார சபைக்கு அனுப்புங்கள்" என்று தயங்காமல் சொன்னார். தன் கண்ணின் எல்லையை இப்படி வாய்விட்டுச் சொன்ன நிபுணர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மூக்குத்தியோடு வரும் கிழவிகளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. "கல் செத்துப்போச்சு, ஐயா" என்று கலங்கிப்போய் வருவார்கள். வீட்டில் கெடுதல் நடக்கப்போகிறது என்ற பயம் வேறு. வைரத்தில் எண்ணெயும் கொழுப்பும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கொழுப்புப் பூசிய மேசையில் நீரோடு கற்களை ஓடவிட்டே வைரத்தைப் பிரித்தெடுத்தார்கள்: மற்றவை வழுக்கிப் போகும், வைரம் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நம் பெண்களின் மூக்குத்தி மங்காமல் என்ன செய்யும்? இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் கரைத்து, மென்மையான பிரஷால் பின்பக்கம் தேய்த்துக் கையில் கொடுப்பார். "சாகவில்லை, ஆச்சி. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது." 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, நிலாவெளியிலிருந்தும் உங்கள் உப்புவெளியிலிருந்தும் சேறும் உப்பும் படிந்த நகைகளை ஆட்கள் கொண்டுவந்தபோது, வாரக்கணக்கில் அதே வேலையைச் செய்தார். அவற்றில் சில, அணிந்திருந்தவர்கள் இல்லாமல் போன நகைகள். எவரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை.

உங்கள் தோட்டைப் பற்றி ஒரு சொல். நிறமற்ற சிர்க்கோனை முன்பு 'மாத்தறை வைரம்' என்றே வணிகர்கள் அழைத்தார்கள். வைரத்தைப் போலவே ஒளியை வானவில்லாகச் சிதறடிக்கும். அதில் வைரத்துக்கு அருகில் வரும் கல் அது. இந்த நாட்டு மண்ணில் வைரம் விளைவதில்லை, சிர்க்கோன் விளைகிறது. போலி என்று சொல்லி அதை மூலையில் போட்டுவிடாதீர்கள். ஓரங்கள் எளிதில் சிதையும். மற்ற நகைகளோடு உரசாமல் பஞ்சில் தனியாகச் சுற்றி வையுங்கள். இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

அவருடைய மேசை இழுப்பறையில், உரியவர்கள் எடுத்துக்கொண்டு போகாத பொட்டலங்கள் பல இருக்கின்றன. மடித்த காகிதத்தின் மேல் ஊர்ப்பெயரும் செய்யவேண்டிய வேலையும் மட்டும் அவர் கையெழுத்தில் இருக்கிறது. அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும், சனிக்கிழமை காலைகளில் அவருடைய மனைவி கடையைத் திறந்து உரியவர்களிடம் அவற்றைக் கொடுக்கப்போகிறார். நானும் துணைக்கு இருப்பேன். தோட்டைப் போட்டுக்கொண்டு ஒருமுறை வந்துபோங்கள். தனியாக வந்தவர்களுக்கு உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்து கொடுத்தவர் அந்த அம்மாதான். உங்கள் அம்மாவின் முகம் அவருக்கு நினைவிருக்கக்கூடும்.