10 கிலோ வாளைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறான் உங்கள் நாயகன்?

கேள்வி: கற்பனை நாடு ஒன்றை வைத்துச் சரித்திர நாவல் எழுதி வருகிறேன். துப்பாக்கி, பீரங்கி வராத காலம். இறுதிப் போர் அத்தியாயத்தைப் படித்த நண்பர், "இதெல்லாம் நடக்காது" என்று சிரித்துவிட்டார். நாயகன் முதுகில் தொங்கும் 10 கிலோ வாளை உருவிக்கொண்டு, உச்சிவேளை வரை ஓயாமல் போரிடுகிறான். தோளில் தைத்த அம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தொடர்கிறான். அவனுடைய படையில் 10,000 காலாட்கள், 3,000 குதிரைகள்; 300 கிலோமீட்டரை மூன்றே நாளில் கடந்து வந்திருக்கிறது. போருக்கு முன் தளபதி படை முழுவதற்கும் உரை நிகழ்த்துகிறார். எதை மாற்றுவது? மாற்றினால் பாடப்புத்தகம் போல ஆகிவிடாதா?

பதில்: உங்கள் நண்பர் வாளில்தான் முதலில் சிரித்திருப்பார், அங்கிருந்தே தொடங்குகிறேன். ஒரு கையால் வீசும் போர்வாள் பெரும்பாலும் 1 கிலோவிலிருந்து 1.3 கிலோ வரைதான் இருந்தது. இரு கையால் பிடிக்கும் நீள்வாள் ஒன்றரை கிலோவை ஒட்டி நிற்கும். ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு அடித்த பெரிய வாள்கள்கூட 3 கிலோவைச் சுற்றியே இருந்தன. அதைவிடக் கனமானவை பெரும்பாலும் ஊர்வலத்தில் தூக்கிக் காட்டச் செய்தவை. 10 கிலோ வாளை ஒருமுறை வீசிவிடலாம். வீசியதை நிறுத்தித் திருப்பிக் கொண்டுவருவதற்குள் எதிரி தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவான்.

1 கிலோதானே என்று அலட்சியம் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு சற்று நின்று பாருங்கள். நல்ல வாளில் எடையின் பெரும்பகுதி பிடியருகே இருப்பதால் அவ்வளவு இழுக்காது என்பது உண்மை. ஆனாலும் நகல் வாள் ஒன்றை நான் முதன்முதலாகப் பயிற்சிக்கு எடுத்த அன்று, தோள் தளரும் முன்பே முன்கை விட்டுப்போனது. விரல்கள் தாமாகவே திறந்துகொண்டன. இரவு சாப்பாட்டுத் தட்டைத் தூக்க இடது கை தேவைப்பட்டது. எதிரில் நின்றவர் என்னைக் கொல்ல வரவில்லை, கவசமும் அணிந்திருக்கவில்லை.

ஆகவே உச்சிவேளை வரை போர் நடக்கலாம், உங்கள் நாயகன் உச்சிவேளை வரை வெட்டிக்கொண்டிருக்க முடியாது. வரிசைகள் மோதும், விலகும், நாலடி தள்ளி நின்று மூச்சு வாங்கும், கையில் அகப்பட்டதை எறியும், வைது தீர்க்கும், பிறகு யாரோ ஒருவன் முன்னே கால் வைப்பான். அந்த இடைவெளிகளை எழுதுங்கள். வெட்டுக்குத்தைவிட அங்கேதான் ஆட்கள் ஆட்களாகத் தெரிவார்கள்.

முதுகு உறை பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 90 சென்டிமீட்டர் குச்சி ஒன்றை முதுகுப்புறம் சட்டைக்குள் செருகிக்கொண்டு உருவிப் பாருங்கள். கை முழுதும் நீண்ட பிறகும் முனை உள்ளேயே இருக்கும். நீண்ட ஆயுதத்தை வழிப்பயணத்தில் முதுகில் சுமக்கலாம். சண்டைக்கு முன் இறக்கியாக வேண்டும். உருவும்போது 'கிளிங்' என்ற ஓசையும் வேண்டாம். பெரும்பாலான உறைகள் மரத்தால் செய்து தோல் போர்த்தியவை. துணி உரசுவது போல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். இருட்டில் பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் கேட்கிற அந்தச் சத்தம், எழுத்தாளருக்கு 'கிளிங்'கைவிடப் பயன்படும்.

இன்னொன்று: உங்கள் படையில் எல்லார் கையிலும் வாள்தான் இருக்கும் போலிருக்கிறது. உலகத்தின் பெரும்பாலான படைகளில் முதல் ஆயுதம் ஈட்டிதான். இரும்பு குறைவாகப் போதும், பழக்குவது எளிது, எதிரியை எட்டவே நிறுத்தும். அது முறிந்த பிறகோ, நெருக்கத்தில் பயன்படாமல் போன பிறகோதான் வாள்.

பாடப்புத்தகம் ஆகிவிடுமோ என்ற உங்கள் பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஓர் ஆயுதம் தன்னைப் பிடித்திருப்பவனை எங்கே தடுக்கிறது என்று பாருங்கள். ஈட்டிக்காரனைக் குறுகிய மாடிப்படியில் நிறுத்துங்கள். வில்லாளிக்குக் கேடயம் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. தலைக்கவசம் உயிரைக் காக்கும், கூடவே பாதிச் செவியையும் பக்கப் பார்வையையும் எடுத்துக்கொள்ளும். எஃகின் தரம், பிடியின் நீளம் என்று ஒரு பத்தி எழுதினால் அது பாடம். ஒருவனுக்கு அதனால் தொல்லை வந்தால் அது காட்சி. ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டுச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்: இங்கே ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. எடையும் நீளமும் சொல்லாமல் இரண்டு படைகளையும் காட்டிவிட்டார். உங்கள் நாவலில் ஒரு கொல்லன்கூட வரவில்லை என்று ஊகிக்கிறேன்.

வில்லுக்கு வருவோம். 'நாணை இழுத்தபடி ஆணைக்காகக் காத்திருந்தார்கள்' என்று நீங்களும் எங்காவது எழுதியிருப்பீர்கள், எல்லாரும் எழுதுகிறார்கள். 1545ஆம் ஆண்டு மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட வில்கள் கிடைத்தன. அவற்றை முழுதும் வளைக்க ஏறக்குறைய 45 கிலோவிலிருந்து 80 கிலோ வரை இழுவிசை வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு ஆளின் எடையை மூன்று விரலில் இழுத்துப் பிடித்துக்கொண்டு யாரும் ஆணைக்காகக் காத்திருக்க மாட்டார்கள். இழுப்பதும் விடுவதும் ஒரே அசைவு. அந்தக் கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள் எலும்பே மாறியிருக்கிறது. சிறுவயதிலிருந்து இழுத்தவன் உடம்பில் அது தெரியும். உங்கள் வில்லாளியை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அலெக்சாண்டரோடு வந்த நியார்க்கஸ், இந்திய வில்லாளிகள் ஆள் உயர வில்லைத் தரையில் ஊன்றி இடது காலால் அழுத்தி எய்தார்கள் என்று எழுதிவைத்தார். அப்படியானால் தரை சேறாக இருக்கும் நாளில் அவர்கள் என்ன செய்வார்கள்? ஓர் அத்தியாயத்துக்கு இந்தக் கேள்வி போதும்.

வினைச்சொற்களையும் கவனியுங்கள். அம்பை எய்வார்கள், தொடுப்பார்கள், 'சுட' மாட்டார்கள். ஈட்டியை எறிவார்கள் அல்லது அதனால் குத்துவார்கள். வில்லுக்குப் போருக்கு முன் நாணேற்றுவார்கள், முடிந்ததும் நாணை இறக்கிவிடுவார்கள். எப்போதும் வளைத்தே வைத்திருந்தால் வில் செத்துப்போகும். எரியும் அம்புகளை ஆட்கள்மீது மழையாகப் பொழியவும் வேண்டாம். அவை கூரைக்கும் கூடாரத்துக்கும் உரியவை.

தோளில் தைத்த அம்பு. இதை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். முள் வைத்த முனை உள்ளே போன வழியாகவே வெளியே வந்தால் சதையையும் கூடவே இழுத்து வரும். பல சமயம் தண்டு மட்டும் கையோடு வந்துவிடும், முனை உள்ளேயே தங்கிவிடும். 1403ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி போரில் 16 வயது இளவரசர் ஹென்றியின் முகத்தில் அம்பு பாய்ந்தது. பின்னாளில் ஐந்தாம் ஹென்றி மன்னரானவர் இவர். தண்டை எடுத்துவிட்டார்கள். முனை சுமார் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் எலும்பில் நின்றுவிட்டது. ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர், எல்டர் என்ற செடியின் காய்ந்த தண்டுத் தக்கையில் துணி சுற்றி, ரோஜாத் தேனில் தோய்த்துக் காயத்துக்குள் செருகினார். ஒவ்வொரு முறையும் சற்றுப் பெரிதாகச் செருகிக் காயத்தை அடிவரை அகலப்படுத்தினார். பிறகு நடுவில் திருகாணி வைத்த சிறிய இடுக்கி ஒன்றைத் தாமே வடிவமைத்து, அம்புமுனையின் குழிக்குள் நுழைத்து, திருகி இறுக்கி, மெல்ல அசைத்து அசைத்து வெளியே எடுத்தார். வெள்ளை ஒயினால் கழுவி, செருகும் துணியைச் சிறிதுசிறிதாகக் குறைத்து, 20 நாளில் காயத்தை ஆற்றினார். மயக்க மருந்து இல்லாத காலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதை இன்னொரு தடவை படியுங்கள். உங்கள் நாயகன் பிடுங்கி எறிந்த ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

காயம் எங்கே படும் என்பதையும் எலும்புகள் சொல்கின்றன. 1361ஆம் ஆண்டு சுவீடனின் விஸ்பி நகர மதிலுக்கு வெளியே நடந்த போரில் இறந்தவர்களின் புதைகுழிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. கால் எலும்புகளில், அதிலும் முழங்காலுக்குக் கீழே, வெட்டுகள் ஏராளம். கேடயம் மார்பை மறைக்கும், கால் வெளியே இருக்கும். கதைகளில் யாருக்கும் கணுக்காலில் அடிபடுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இனி அந்த 300 கிலோமீட்டர். இதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் கதைக்கு அதிக லாபம் இங்கேதான் இருக்கிறது. ரோமானியப் படைவீரர்களின் பயிற்சி நடை, கோடையில் 5 மணி நேரத்தில் 20 ரோமானிய மைல். அதாவது ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வண்டிகளோடு போகும் பெரும்படைக்கு நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடைய தூரத்துக்கு 15 நாள் ஆகும்.

15 நாளும் சாப்பிட வேண்டும். காலாளுக்கு ஒரு கிலோ தானியம் என்றால் ஒரு நாளைக்கு 10 டன். குதிரைக்குப் புல்லும் வைக்கோலும் போக, நாலரை கிலோ தானியம் என்றால் 3,000 குதிரைகளுக்கு 13.5 டன். வண்டிக்கு அரை டன் ஏற்றினால் ஒரு நாள் உணவுக்கு 47 வண்டிகள்; 15 நாளுக்கு 700. குதிரைவீரர்கள் உண்பதையும் வண்டி மாடுகள் தின்பதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

இப்போது சாலையில் அணிவகுக்க விடுங்கள். காலாட்கள் நால்வர் நால்வராக, வரிசைக்கு இரண்டு மீட்டர் விட்டால் 5 கிலோமீட்டர் நீளம். குதிரைகள் இரண்டிரண்டாக, வரிசைக்கு 4 மீட்டர் விட்டால் 6 கிலோமீட்டர். 700 வண்டிகள் ஒற்றை வரிசையில், வண்டிக்கு 10 மீட்டர் விட்டால் 7 கிலோமீட்டர். மொத்தம் 18. மாட்டின் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர்தான். காலை 6 மணிக்கு, முன்னே செல்லும் தூசிப்படை கிளம்பினால், கடைசி வண்டியின் சக்கரம் உருளும்போது நண்பகல் 12 மணி. அது அன்றைய பாசறைக்கு வந்து சேரும்போது இருட்டியிருக்கும். முன்னே போனவர்கள் உண்டு உறங்கியிருப்பார்கள். அவர்கள் கிளப்பிய புழுதியையும், கலக்கிய குளத்தையும், மேய்த்து முடித்த வயலையும் பின்னே வருபவன் பார்க்கிறான். வயலுக்குச் சொந்தக்காரனும் வரப்பில் நின்று பார்க்கிறான். உங்கள் நாவலில் அவனுக்கு ஒரு பெயர் வைக்கலாம்.

மூன்று நாளில் சென்றே தீர வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. சில நூறு குதிரைவீரர்களை மட்டும், ஆளுக்கு மூன்று நான்கு மாற்றுக் குதிரைகளோடு, மங்கோலியர்கள் செய்தது போல முன்னே அனுப்புங்கள். அவர்கள் களைத்துப்போய், துணையில்லாமல், எதிரியின் மதிலுக்கு முன்னே நிற்பார்கள். காலாட்படை வர இன்னும் 12 நாள் இருக்கிறது. இதைவிட நல்ல நெருக்கடியை நீங்கள் கற்பனையில் தேட வேண்டியதில்லை. மதில் என்றதும் ஒன்று: முற்றுகையையும் எண்ணிப் பாருங்கள். திறந்தவெளிப் போரைவிட அதுவே அதிகம் நடந்தது. வளைப்பவனுக்கு உழிஞை, காப்பவனுக்கு நொச்சி என்று தனித்தனிப் பூவே சூட்டியிருக்கிறார்கள் நம் இலக்கணக்காரர்கள்.

போர் எப்படி முடிகிறது என்பதில் உங்கள் நாயகன் எதிரிகளை ஒவ்வொருவராகக் கொன்று முடிக்கிறான் போலிருக்கிறது. படைகள் அப்படித் தீர்வதில்லை, பயந்து உடைகின்றன. அதிகச் சாவு, முதுகு காட்டி ஓடத் தொடங்கிய பிறகுதான். 1658இல் சாமுகர் போரில் முகலாய இளவரசர் தாரா ஷிகோ யானையிலிருந்து இறங்கிக் குதிரையில் ஏறினார். தூரத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது வெறும் அம்பாரி மட்டும். இளவரசர் விழுந்துவிட்டார் என்று நினைத்த படை கலைந்தது. அரியணை ஔரங்கசீப்புக்குப் போனது.

கடைசியாகத் தளபதியின் உரை. 13,000 பேர், குதிரைகளின் கனைப்பு, காற்று. முன்னால் நிற்கும் சில நூறு பேருக்குக் கேட்டாலே பெரிது. முரசும் கொம்பும் கொடியும் ஆணைகளைச் சுமந்தது அதனால்தான். ஆனால் உரையை நீக்க வேண்டாம். நாயகனை இடம் மாற்றுங்கள். தளபதியின் பக்கத்திலிருந்து எடுத்து, நாற்பதாவது வரிசையில் நிறுத்துங்கள். அவன் காதில் ஒரு சொல்லும் விழாது. முன்வரிசை ஆரவாரம் செய்யும், இவனும் செய்வான். "என்ன சொன்னார்?" என்று முன்னால் இருப்பவனைக் கேட்பான். அவன் அவனுக்கு முன்னால் இருப்பவனைக் கேட்பான். திரும்பி வரும் பதில் என்ன என்பதை நீங்கள் எழுதுங்கள்.